இசைத்தட்டில் சிக்கிய குரல்

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், கறுப்பர்கள் வாழும் மேற்குப் பக்கத்தில், வெர்லீன் டிப்ஸ் என்ற பெயர் தெரியாதவர்கள் உண்டு. அவள் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீராவியில் வருஷக்கணக்காக நின்று கரகரத்துப்போன குரல். உயரப் போகும்போது நடுவில் ஒரு விரிசல் விழும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் பாக்ஸ்டன் ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்தினால் முதல் பதில் அவளிடமிருந்துதான் வரும். அந்தச் சபையில் பேசுகிறவரைத் தனியாகப் பேசவிடுவது மரியாதை இல்லை. கூட்டம் பதில் கொடுத்துத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கணவன் இறந்த வாரத்தில்கூட அவள் அதில் குறை வைத்ததில்லை.

அந்தப் பழக்கமே பெற்ற பிள்ளையின் கழுத்துக்குக் கத்தியாகும் என்று யார் நினைத்தார்கள்?

எல்ராய் அவளுக்கு ஒரே மகன். வியட்நாம் போருக்கு வரச்சொல்லி ஆணை வந்தபோது, குறித்த நாளில் போய் நிற்காமல் இருந்துவிட்டான். சிகாகோவில் சித்தப்பா வீட்டில் இருக்கிறான் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவன் அம்மா வீட்டு மச்சில், சாய்ந்த கூரைக்கடியில், சத்தம் கேட்காமல் இருக்க வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். பிடிபட்டால் சிறை. விஷயம் தெரிந்தவள் வெர்லீனின் தோழி ஆர்னெட்டா மட்டும்தான்.

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை மதியம், தொழிற்சங்கக் கூடத்தில் அமோஸ் ரெட்டிக் என்ற பாட்டுக்காரன் வந்து வாசித்தான். பியானோவில் விரல்களை ஓடவிட்டுக்கொண்டே பாதி பாடுவான், பாதி பேசுவான். பின்னால் ஒரு புல்லாங்குழல், ஒரு காங்கா மேளம். எலி ஓடும் வாடகை வீடுகளையும், போலீஸ் தடியையும், சவப்பெட்டியில் திரும்பும் பையன்களையும் அவன் சொல்லும்போது கூட்டத்துக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். ஜனங்களின் சத்தத்தோடு சேர்த்தே இசைத்தட்டாகப் பதிவுசெய்வதற்காக, தலைக்கு மேலே மைக்குகள் தொங்கின.

அமோஸ் குரலை இறக்கினான். "நம்ம பையனுங்கள தேடிக்கிட்டு வர்றாங்க. எங்க இருக்கானுங்க நம்ம பையனுங்க?" என்று கேட்டு நிறுத்தினான். பாஸ்டர் நிறுத்துவாரே, அதே மாதிரி. வெர்லீனின் வாய் தானாகத் திறந்தது.

"எம்புள்ள என் கூரைக்கு அடியில இருக்கான். தரமாட்டேன்."

கூடம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஆர்னெட்டா தொடையைக் கிள்ளிய பிறகே அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. "சபைன்னு நெனச்சியாடி? மேல பாரு, மைக்கு தொங்குது" என்றாள் ஆர்னெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு.

இருவரும் மேடைக்குப் பின்னால் ஓடி அமோஸிடம் அழுதார்கள். அந்த இடத்தை வெட்டிவிடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரனிடம் சொல்லவும் செய்தான். தட்டிலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று சொல்லிக் கம்பெனிக்காரன் கேட்கவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கம்மா, எனக்குத் தெரியாமலே அச்சடிச்சு வண்டி ஏத்திட்டான்" என்று அமோஸ் போனில் விம்மியபோது, வெர்லீன் மச்சைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கோடைக்குள் அந்தத் தட்டு ஊரெல்லாம் சுழன்றது. கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டு வருகையில், இசைத்தட்டுக் கடை வாசலின் ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் அவள் மேலேயே வந்து விழுந்தது. பை நழுவிக் கீரை தெருவில் சிதறியது. சிறுமிகள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கயிறு தாண்டினார்கள். "அந்தப் பொம்பளய மட்டும் பாத்தேன்னா கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுப்பேன்" என்று சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அவளிடமே சொன்னாள். வெர்லீன் ஈரத்துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வாயைப் பூட்டினாள். கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்கினாள். சபையில் புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு புதிய ஆள் சபைக்கு வந்தான். நம்மைப் போலக் கறுப்பு நிறம்தான், பேச்சும் நம் பேச்சுதான். ஆனால் கைத்தட்டல் தாளம் தப்பியது, பைபிளில் மடிப்பே விழவில்லை. அந்தத் தட்டில் பேசுவது யார் என்று சிரித்துக்கொண்டே ஆர்னெட்டாவிடம் கேட்டான். துப்பறிய வந்த சர்க்கார் ஆள் என்று தோழிகள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

இனி தாமதிக்க முடியாது. அடுத்த ஞாயிறு, ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சரில் இருந்த சகோதரச் சபைக்கு இங்கிருந்து பாடகர் குழு போவதாக இருந்தது. எல்ராய்க்கும் பாடகர் அங்கியைப் போட்டு, குழுவோடு தன் காரில் ஏற்றி, ஆற்றுக்கடியில் போகும் சுரங்கச்சாலை வழியாக, அமெரிக்கப் போலீஸ் தொட முடியாத அக்கரை சேர்ப்பதாக ஆர்னெட்டாவின் கணவன் ஒப்புக்கொண்டான்.

கார் கிளம்பிய நேரத்தில் வெர்லீன் சபையில் இருந்தாள். அந்த ஆளும் இருந்தான். பாஸ்டரோ, ஒன்றும் அறியாதவர், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவிடமிருந்து மோசேயை ஒளித்துவைத்த தாயைப் பற்றிப் பிரசங்கித்தார்.

"ராஜாவோட சேவகன் கதவைத் தட்டுறான். புள்ள எங்கேன்னு கேக்குறான். அந்தத் தாய் என்ன சொன்னா?"

நிறுத்தினார். சபை காத்திருந்தது. பதில் வரவில்லை.

"என்ன சிஸ்டர் வெர்லீன், தொண்டை கட்டிக்கிச்சா? கொஞ்ச நாளா என்னைத் தனியா புலம்ப விடுறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அந்த ஆள் கழுத்தை நீட்டினான். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். பேசாவிட்டால் மௌனம் காட்டிக்கொடுக்கும்.

ஆர்னெட்டா துள்ளி எழுந்தாள். "எம்புள்ள என் கூரைக்கு அடியில இருக்கான். தரமாட்டேன்" என்று கத்தினாள், அதே கரகரப்பு, அதே விரிசல். பின்வரிசைக் கிழவி ஒருத்தி அதையே சொன்னாள். பிறகு பால்கனியில் ஒருத்தி, வாசலோரம் ஒருத்தி. தட்டைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அது மனப்பாடமாகியிருந்தது. சபை முழுக்க வெர்லீன்கள்.

அவள் நிம்மதியில் அழுதாள். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அந்த ஆள் படியில் அவள் கையைப் பற்றிக் குலுக்கினான்.

"எல்லாரும் கத்தினாங்க. நீங்க மட்டும் வாயே திறக்கலையேம்மா. வீடு எங்க? கூட வரேன்."

ஒளிக்க இனி என்ன இருக்கிறது? அழைத்துப் போனாள். அவன் சமையலறை, கட்டிலடி, மச்சு எல்லாம் பார்த்தான். மச்சிலிருந்து ஒரு பாயும் தண்ணீர்க் குவளையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். அப்போது போன் அடித்தது.

"எடுங்க" என்றான்.

எடுத்தாள். "அம்மா, வந்துட்டேன். எல்லையில ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. அம்மா?"

கார் என்ன ஆனதோ என்று காலையிலிருந்து செத்துப் பிழைத்தவளுக்கு அந்தக் குரலை வாரி அணைத்துக்கொள்ளத் தோன்றியது. மகனே என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் காரோட்டியவனும் அங்கி கொடுத்தவர்களும் சிறைக்குப் போவார்கள்.

"தப்பான நம்பர்ங்க" என்றாள். ரிசீவரை வைத்தாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டினான். "தப்பான நம்பர்னா மறுபடி அடிக்காது. உங்க புள்ளன்னா அடிக்கும், அப்ப நான் எடுக்கிறேன். பார்ப்போம்."

அவனும் அவளும் அந்தக் கறுப்புப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்துவிடாதே கண்ணே, அடித்துவிடாதே என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லையா என்று பதறி மறுபடி கூப்பிட்டுவிட்டால்? ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. அந்த ஆள் இரண்டு முறை எழுந்து நடந்து மறுபடி உட்கார்ந்தான். கடைசியில் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன் அடிக்கவேயில்லை. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.