நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

1. முறையீடு

சிவகாசி வட்டாரக் காவல் நிலையங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். குடிகாரர் இருவர் மண்டையை உடைத்துக்கொண்டதைக்கூட நான் எழுதினால் இலக்கியமாகிவிடும் என்று மேலதிகாரிகள் புகழ்வர். அந்தப் புகழால் ஒரு கொலையாளி தப்பிப்போக இருந்தான். அந்த எழுத்தர் நாற்காலியில் புதிதாக அமர்வோர் அறியவேண்டி இதை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி மாரியம்மாள் காலையில் நிலையத்திற்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்வி முந்தைய மாலை வீடு திரும்பவில்லை. திருத்தங்கலில் பள்ளி விட்டதும், தாய் வரும் கம்பெனி வேனில் அவளும் ஏறி ஊர் திரும்புவது வழக்கம். அன்று தாய் காய்ச்சலால் வேலைக்குப் போகவில்லை. மற்றப் பெண்கள் வழியிலேயே இறங்கிவிட, கடைசியாக மிஞ்சியவள் செல்வி. ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் அவளை இறக்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்னான்.

ஆய்வாளர் தலை நிமிராமலே துப்புத் துலக்கிவிட்டார். "பொண்ணு கையில போன் இருக்கா? இருக்குல்ல. கவலைய விடும்மா, ரெண்டு நாள்ல மாலையும் கழுத்துமா வந்து நிப்பா."

வயது பதினேழு, கையில் கைப்பேசி, எனவே காதல். அவருடைய புலனாய்வு அறிவியலில் வேறு வாய்பாடு கிடையாது.

மாரியம்மாள் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர் ஐயா, காலைல வேன்ல போற பொம்பளைககிட்ட விசாரிக்கப் போனேன். வேனு பளபளன்னு கழுவிக் கெடக்கு. சீசன்ல எவன் வேனைக் கழுவுவான்? இதையும் எழுதிக்கோங்க."

வேலையாட்களின் சேலையிலும் கையிலும் ஒட்டிவரும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி, கழுவினாலும் மறுநாளே இருக்கையெல்லாம் படிந்துவிடும். சீசனில் கம்பெனி வேன் ஆயுத பூசைக்குத்தான் தண்ணீரைக் காணும். இது அவ்வூரில் எல்லாரும் அறிந்தது, நானும் அறிந்ததே. ஆயினும் சீரிய முறையீட்டில் வேன் கழுவிய வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். 'என் அருமை மகள் அந்திப் பொழுதில் இல்லம் ஏகாது மறைந்தமையால் ஆற்றொணாத் துயருற்றேன்' என்று தொடங்கிப் படித்துக் காட்டினேன்.

"கோயில்ல அர்ச்சனை பண்ணாப்புல இருக்குய்யா. நான் சொன்னதெல்லாம் எழுதிட்டீகள்ல?"

எழுதிவிட்டேன் என்றேன். கையொப்பமிட்டார்.

2. தனிப்படை

இல்லாத காதலனைத் தேடித் தனிப்படை ஒன்று திருப்பூர் சென்றது. காதலன் அகப்படவில்லை, பனியன்கள் மலிவாக அகப்பட்டன. ஆறாம் நாள், கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் செல்வியின் உடல் மிதந்தது. தலையில் பலத்த அடி. தொடக்கம் முதலே கொலை என ஐயுற்றதாக ஆய்வாளர் செய்தியாளர்களிடம் கூறினார். அருகில் நின்றிருந்த எனக்கே அது புதுச் செய்தி.

மாரியம்மாள் மீண்டும் வந்து வேனைப் பற்றியே சொன்னார். இம்முறை கேட்டார்கள். ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது, கழுவிய தண்ணீர் எட்டாத மூலையில் குருதிக் கறை. அது செல்வியுடையது எனத் தடய அறிவியல் ஆய்வகம் உறுதிசெய்தது. ஓட்டுநர் கைதானான்.

3. சாட்சிக் கூண்டு

கறையைக் காவலரே தடவினர், வேன் கழுவிய கதை பின்னர் புனைந்தது, முதல் புகாரில் அப்படி ஒரு சொல்லும் இல்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். என் உரைநடையை ஏற்ற இறக்கத்தோடு படித்தும் காட்டினாராம். "நான் சொன்னேன்யா. எழுதுனவுகளக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றிருக்கிறார் மாரியம்மாள்.

வெளியே காத்திருந்த என்னிடம் ஆய்வாளர் ஓடிவந்தார். "ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க ரைட்டர். ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீக."

கூண்டில் ஏறினேன். "இம்புட்டு அழகா எழுதுறீங்க. அந்தம்மா சொல்லியிருந்தா அந்த ஒரு வரிய விட்டிருப்பீங்களா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"அவர் சொன்னார். நடைக்குப் பொருந்தாது என்று நான்தான் விட்டேன்."

மன்றத்தில் சிலர் சிரித்தனர். நீதிபதி அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை, எனக்கு மெமோ. என் குற்றம் அதில் ஒரே வரியில், யாருக்கும் விளங்கும்படி இருந்தது. நான் எழுதிய எதற்கும் அத்தெளிவு இருந்ததில்லை.

தீர்ப்பன்று மாரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கே எழுதியிருந்தாலும் எம்பிள்ளை உசுரோட வந்திருக்காது, தெரியும். ஆனா ஆறு நாளு அந்தத் தண்ணிக்குள்ள கெடந்திருக்காதுல்லய்யா."

புகார் சொல்பவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். படித்துக் காட்டும்போது அவருக்கு விளங்கவில்லையெனில் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அழகாக எழுத ஆசையிருந்தால் ஓய்வு பெற்றபின் எழுதலாம். அப்போது ஒருவரும் அதை நம்பிக் காத்திருக்கமாட்டார்கள்.