மூன்று நோட்டீசுக்கு ஒரு கடிதம்

ஸ்கூட்டர் என் மனைவியின் பேரில் இருக்கிறது. அதனால் டிராபிக் போலீசின் செய்தியும் அவள் போனுக்குத்தான் வந்தது. மூன்று விதிமீறல்கள், மூன்றுக்கும் அபராதம். அவள் பதறவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பதிலேயே அவளுடைய நாள் போகும். ஈஜிபுரா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து, கேமரா பிடித்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இரண்டு படங்களில் இருந்தது கறுப்பு வண்டி. எங்களுடையது சாம்பல் நிறம். கறுப்பு வண்டியின் நம்பர் பிளேட்டில் கடைசி எட்டு பாதி அழிந்து மூன்று போலத் தெரிந்தது. எங்கள் எண் மூன்றில் முடிகிறது. மூன்றாவது படத்தில் மட்டும் எங்கள் வண்டியேதான். முன்னால் இட்லி மாவுப் பாக்கெட் தொங்க, ஹெல்மெட் இல்லாமல் போய்க்கொண்டிருப்பவன் நான்.

மூன்றையும் சேர்த்தே மறுத்துவிடலாம், எல்லாம் ஒரே குழப்பம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். அவள் வெள்ளைத்தாள் எடுத்து எழுதத் தொடங்கினாள், கன்னடத்தில். விழுப்புரத்திலிருந்து இங்கே வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. பஸ் பலகைகளைப் படித்துப் படித்தே எழுத்துகளைப் பிடித்துக்கொண்டவள். நான் பத்து வருடமாக இங்கே இருக்கிறேன். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்கிற "சொல்ப அட்ஜஸ்ட் மாடி"யைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை டிராபிக் ஸ்டேஷனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன் இருந்த ஏட்டு கடிதத்தை நிதானமாகப் படித்தார். ஒரு சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. பேனாவால் திருத்திவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் படங்களைத் திறந்து பார்த்து, கறுப்பு வண்டியின் இரண்டு நோட்டீசையும் நீக்கப் பரிந்துரை எழுதினார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"மூணாவதப் பத்தி ஒண்ணும் எழுதலியேம்மா? அதுவும் வேற வண்டியா?"

நான் அவளைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்ல சார், அது எங்க வண்டிதான். ஓட்டுனது இவரு. அதக் கட்டிடறோம்."

ஏட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அங்கேயே கட்டி ரசீது வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் நின்ற விதத்தைப் பார்த்தபோது, இவள் என் மனைவி என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கிளம்பும்போது பெஞ்சிலிருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஜோகுபாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். போன வருடமே விற்றுவிட்ட பழைய வண்டிக்கு அவர் பேரில் நோட்டீஸ் வந்திருக்கிறது. கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுத வராது.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கிறியாம்மா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வேலைக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, வண்டியை எந்தத் தேதியில் விற்றார், விற்ற தாள் கையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்துக் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பார்த்தபோது அவள் பேரிலிருந்த அந்த இரண்டு நோட்டீசும் அபராதப் பட்டியலில் இல்லை.