பேசும் பெட்டி

நிஜாமை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியதும், "தம்பி, பெட்டியக் கொல்லையில போட்டுரலாம், ஒரு கை புடிப்பா" என்றார் அவன் அண்ணன். துபாயிலிருந்து நிஜாமின் உடல் வந்த பலகைப் பெட்டி அது. தூக்கும்போது என் விரல் பட்டு டொம்மென்றது.

பள்ளியில் படிக்கையில் முத்துப்பேட்டையில் நாங்கள் இருவரும் ராக் பேண்ட் வைத்திருந்தோம். அப்பாவின் தூண்டில் நரம்புகளை உடைந்த படகுப் பலகையில் இழுத்துக் கட்டியதுதான் என் கிட்டார். அப்பா அதைக் காதோரம் சுண்டிப் பார்த்தார். "இது கொடுவாய்க்குப் போடுற நரம்புடா. இதுல மீனுதான் வரும், பாட்டு வராது."

நிஜாமுக்கு மீன் அடைக்கும் பெட்டிதான் டிரம்ஸ். கவிச்சி போக அவன் உம்மா அதற்குச் சாம்பிராணி போடுவார். ஏலக்கடையில் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பான். "இது ஊமைடா" என்று தள்ளுவான். நல்லது கிடைத்தால், "இது பேசும்" என்பான்.

கொல்லையில் பெட்டியை இறக்கினோம். உள்ளங்கையில் சிராய் ஏறியிருந்தது. வலிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. மூடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"இது பேசும்ண்ணே" என்றேன்.