செல்வி மிஸ் மேல் பிழையில்லை

கந்தப்பளைக் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி சாமானியமாகக் கடையை விட்டு வெளியே வருகிறவர் அல்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கொட்டும் மழையில் குடையில்லாமல் எங்கள் வாசிகசாலைப் படியேறி வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியவரே, பட்டிப்பொல ரோட்டுல வேன் சறுக்கிருச்சாம். நம்ம மிஸ்..." என்றார். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இன்று மிஸ் போய் முப்பத்தோராம் நாள். இதை வாசிக்கக் கேட்க, மிஸ்ஸை அறிந்த நீங்கள் எல்லோரும் கூடியிருக்கிறீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நாற்பது வருஷம் தேயிலை மலையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். அதற்குப் பிறகு வாசிகசாலைக்குக் காவல். இதை முன்கூட்டியே நான் சொல்லச் சொல்ல மிஸ்ஸின் கணவர் தயாளன் எழுதினார். எழுத அவர்தான் வரவேண்டும் என்று கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

செல்வி மிஸ் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வயதானவர்களின் பேச்சைச் சேகரிக்க ஆரம்பித்தபோது, பலருக்கு அது விளங்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எதில் யார் இருந்தார்கள், எந்த மலை சரிந்தபோது யார் போனார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம் கேட்டுச் சின்ன ரெக்கோடரில் பிடிப்பார். பிறகு அதை மடிக்கணினியில் ஏற்றுவார். ஏற்றியதும் ரெக்கோடரைத் துடைத்துவிடுவார். அதில் இடம் கொஞ்சம். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மடிக்கணினியில் இருப்பதை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து, வாசிகசாலை உள்ளறை இரும்பு அலுமாரியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்கு அனுப்புவார். நெட்வேர்க் டிரைவ் என்று அதற்குப் பெயர். நாங்கள் பெட்டி என்போம்.

அந்தப் பெட்டிக்கு நீல வயர் வாங்கப் போனபோது முதலாளி செய்த கேலி எனக்கு நினைவிருக்கிறது. "என்ன மிஸ், எல்லாம் காத்துலயே போற காலத்துல வயர் இழுக்கிறீங்க? டெலிபோன் கந்தோர் தொறக்கப் போறீங்களா?"

மிஸ் விடவில்லை. "காத்துல அனுப்பிப் பாத்துட்டேன் முதலாளி. ஒரு மணித்தியாலப் பேச்சு போறதுக்குள்ள விடிஞ்சிரும். நடுவுல மிஸ்ட் எறங்குனா அதுவும் நின்னுரும். வயர்னா போற வழி என் கண்ணுக்குத் தெரியும். எங்க நின்னுச்சுன்னும் தெரியும்."

சுவரில் ஓட்டை போட்டு வயரை இழுத்தது நான். அன்றே மிஸ் என்னைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். "பெரியப்பா, இந்தப் பச்சை லைட் மினுமினுத்தா பேச்சு போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். அப்போ மட்டும் வயர்ல கைய வைக்காதீங்க. சாமியே வந்து கழட்டச் சொன்னாலும் என்னயக் கேக்காம கழட்டாதீங்க."

"சாமிக்கு என்னம்மா பெட்டியில வேல?" என்றேன். சிரித்தார்.

பேச வந்தவர்கள் ஒரு பெயருக்குத் தடுமாறினால் மிஸ் என் பக்கம் திரும்புவார். நான் சொல்வேன். மேல் டிவிசனில் அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளின் பெயர்கூட எனக்கு வரிசையாகத் தெரியும். இது பெருமைக்குச் சொல்வதல்ல. எழுத்தில்லாதவனுக்கு வேறு வழியில்லை. பார்க்க வருகிறவர்களிடம் மிஸ், "எனக்கு ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு அலுமாரியில, இன்னொண்ணு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கு" என்பார்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

மிஸ் போவதற்கு முந்திய ஒரு கிழமைக்குள் ஐந்து பேர் வந்து பேசினார்கள். கடைசியாகப் பேசியவர் மூக்காயி அக்கா. தொண்ணூறைத் தாண்டியவர். மகன் ராமையா முதுகில் சுமந்துகொண்டுதான் படியேறினான். அக்கா பேசும்போது நானும் அறையிலேயே இருந்தேன். வெள்ளிக்கிழமை பகல் மிஸ் வயரைக் குத்தி, பச்சை லைட் மினுமினுக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, "பாத்துக்கங்க பெரியப்பா, நுவரெலியா வரைக்கும் போயிட்டு வாறேன்" என்று சொல்லிப் போனார்.

இரண்டு மணி வாக்கில் இடி இடித்தது.

நம் லயங்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் ஒருமுறை மின்னல் வயர் வழியாக வந்து ஒரு வீட்டு டீவி வெடித்து, ஜெயம் என்கிற பிள்ளையின் கை வெந்துபோனது. அன்றிலிருந்து முதல் உறுமல் கேட்டதும் லயத்தின் ஒரு தொங்கலில், கடைசி வீட்டில் இருந்து யாராவது, "வயரக் கழட்டுங்கடி!" என்று கத்துவார்கள். ஒரு நிமிஷத்தில் பதினாறு வீட்டிலும் எல்லா வயரும் தரையில் கிடக்கும். அன்றைக்கும் கீழ் லயத்தில் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. என் கை பெட்டியின் கரண்ட் வயரையும் பிடுங்கியது, நீல வயரையும் பிடுங்கியது.

மிஸ் சொன்னது மறந்துபோய்ச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு மறதி கிடையாது. பிடுங்கும்போதே அவர் சொன்னது காதில் கேட்டது. கை முந்திக்கொண்டது.

மடிக்கணினி திரையில் ஏதோ எழுத்தும் சிவப்பாக ஒரு குறியும் வந்தன. மின்னலுக்குப் பயந்து அதன் மூடியைச் சாத்தினேன். மழை விட்டதும் இரண்டு வயரையும் திரும்பக் குத்தினேன். பெட்டியில் பச்சை வந்தது. மினுமினுக்கவில்லை, அசையாமல் நின்றது. அப்படியானால் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு மிஸ் தெப்பமாக நனைந்து வந்தார். வீட்டுக்குப் போகிற வேன் ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா பெரியப்பா?"

"முடிஞ்சிருச்சு மிஸ். பச்சை நிக்குது."

என் முகத்தை ஒருதரம் பார்த்தார். மூடியைத் திறக்காமலே மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த நனைசலில் சளி பிடித்து மூன்று நாள் படுத்திருந்தார். மடிக்கணினியைத் தொடவேயில்லை என்று தயாளன்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை பட்டிப்பொலவில் ஒரு கிழவர் பேசத் தயார் என்று செய்தி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வேன் விழுந்த ஓடையில் மடிக்கணினியும் கிடந்தது. அதைத் திறந்து பார்த்த கணினிக் கடைக்காரர் இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பெட்டியில் இருக்கும், மிஸ் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

மிஸ்ஸின் கருமாதிக்கு முன்னாலேயே மூக்காயி அக்காவும் கண்ணை மூடிவிட்டார். ராமையா வாசிகசாலைக்கு வந்தான். அவனிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. குரலையாவது கேட்க வேண்டும் என்றான். தயாளன் பெட்டியைத் திறந்தார். அந்தக் கிழமைப் பேச்சில் நாலு பேருடையது முழுதாக இருந்தது. மூக்காயி அக்காவுடையது பாதி. நானுஓயா ஸ்டேசனில் இந்தியாவுக்குப் போகிற அவருடைய அக்காளை ரயில் ஏற்றிவிட்டதைச் சொல்லிக்கொண்டு வருகிறார். "ரயிலு நகந்துருச்சு... நான் கூடவே ஓடுறேன்... அக்கா சன்னல்ல தலைய நீட்டி..." என்று வந்து அப்படியே அறுந்துவிட்டது.

ராமையா திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். பிறகு என்னிடம், "மாமா, நீங்க இருந்தீங்களே. பெரியம்மா என்ன சொன்னுச்சாம்?" என்றான்.

"'கோழிய அடைச்சியாடி?'ன்னு கேட்டுச்சாம்."

"அதுதானா?"

"அதுதான்யா. ரயிலு போயிருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பாத்துக்கலையாம்."

"சொல்லும்போது அம்மா அழுதுச்சா?"

"மொதல்ல இருமுச்சு. அப்பறம் சிரிச்சுச்சு."

ராமையா தலையைக் குனிந்துகொண்டான். "அந்தச் சிரிப்பக் கேக்கத்தான் மாமா வந்தேன்," என்றான். படியிறங்கும்போது, "மிஸ் அன்னைக்கு ஒருதரம் தொறந்து பாத்திருக்கலாம். என்ன அவசரமோ," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தேன்.

கருமாதியன்று சாப்பாட்டுப் பந்தியில் அதே பேச்சு வேறு வாயில் வந்தது. "நல்ல மனுசிதான், கடைசியில கொஞ்சம் கவனக்குறைவு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கும் நான் பேசவில்லை.

அதனால் இப்போது எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். மிஸ் கவனக்குறைவாக இருக்கவில்லை. வயரைக் கழற்றியவன் நான். கேட்டபோது முடிந்தது என்று சொன்னவனும் நான்தான். பச்சை நின்றது உண்மை. ஆனால் நடுவில் கழற்றியதைச் சொல்லாமல் விட்டேன். அதற்குப் பொய் என்றுதான் பெயர்.

இதைச் சொன்னதும் தயாளன் பேனாவை வைத்துவிட்டார். வெளியே கொழுந்து லொறி ஒன்று ஏறிப்போகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதையும் எழுதணுமா பெரியப்பா?" என்றார்.

"அத எழுதத்தான் ஒங்கள வரச் சொன்னேன்."

"அவகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டிட்டு, அங்கேயே நின்னு இன்னொருக்கா அனுப்பியிருப்பா. வேனைப் போகச் சொல்லியிருப்பா."

"ஆமாங்க. நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

மூக்காயி அக்கா அன்று பேசியது முழுவதையும் நான் சொல்ல, தயாளன் ரெக்கோடரில் பிடித்திருக்கிறார். ஒரு சொல் விடவில்லை. ஆனால் அது என் குரல். ராமையாவுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

மிஸ்ஸிடமிருந்து உங்களில் பலருக்குப் பல நல்லது கிடைத்திருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். எதையும் இரண்டுதரம் பார்க்காமல் விடாத அந்த மனுஷி, அன்று மடிக்கணினியைத் திறக்காமல் போனது வேன் ஹோர்ன் அடித்ததால் அல்ல. நான் சொன்னதால். எழுத்துத் தெரியாத ஒரு காவல்காரன் வாயால் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. அந்த நம்பிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு நாள் இல்லாமல் போய்விட்டது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்கு உரியதல்ல, ஆனாலும் கீழே வைக்க இடமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.