கட்டம் காலியாக இருக்கக் கூடாது

அந்த லாண்டரியில் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் மட்டும் அதற்கு உயிர் வரும். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்த மெஷின், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று கணினியில் கட்டம் கட்டமாகப் போடுவது அவர் வேலை. அதனால் அவர் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். "அண்ணே, இந்த வாரம் என் கட்டமே சரியில்லண்ணே, கொஞ்சம் மாத்திப் போடுங்க" என்று ஒருவன் ஆரம்பித்தால், "ஜோசியர்கிட்ட போக வேண்டியவன்லாம் என்கிட்ட வந்து நிக்கிறான் பாரு" என்பார். சொல்லிவிட்டு மாற்றியும் கொடுப்பார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்குத்தான் இப்படியெல்லாம் நடந்து தொலைக்கிறது, என்ன செய்ய!

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பெரிய லாண்டரி அது. நடுவில் ஒரு சுவர். துவைக்கிற மெஷின்களை அந்தச் சுவருக்குள்ளேயே பதித்திருந்தார்கள். இந்தப் பக்கக் கதவில் அழுக்கைத் திணித்தால் அந்தப் பக்கக் கதவில் சுத்தமானது வரும். சுத்தப் பக்கம் போகிறவர்கள் தொப்பி, மாஸ்க், நீல அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு, செல்போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீராவி ரோலரில் இஸ்திரியாகி வரும் விரிப்புகள் போய்ச் சேரும் கடைசி மேசை நம் கட்டக்காரருடையது. கட்டம் போட்டு முடித்தால் மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் நிற்பார். ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கிழிசல் கண்ணில் பட்டால் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியே எறிவார். அது தைக்கப் போகும். இடது கைக்காரர் என்பதால் அவர் முடிச்சு மட்டும் மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

மனைவியின் முதல் பிரசவத்தின்போது அவர் அந்த மேசையில்தான் நின்றுகொண்டிருந்தார். நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நம்பி அடுத்த வாரத்திலிருந்து லீவு போட்டிருந்தார். வலி முன்னாலேயே வந்துவிட்டது. மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இவர் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. சுற்றியிருந்த துணி அவர் மேசையைத் தாண்டிப் போன துணி.

நீங்கள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மனைவியும் குறை சொல்லவில்லை. "பிடிச்சிக்க ஒரு கை இருந்திருந்தா..." என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அது போதாதா? அந்த வார்த்தை மனுஷனை உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்றது.

மறுபடியும் அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியபோது அவர் ஒன்றே ஒன்றைத்தான் முடிவு செய்தார். இந்த முறை வானமே இடிந்து விழுந்தாலும் அவளை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர்வதில்லை. வலி வருவதற்கு முன்னாலேயே வீட்டில் இருக்க வேண்டும், குழந்தை கழுத்து நிற்கிற வரைக்கும் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் வந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் கிடையாது. இருப்பது இவர் ஒருத்தர்தான்.

மேலாளரிடம் போய் நின்றார். மேலாளர் நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள், அவர் மேலாளர்.

"அப்பாவுக்கு லீவு உண்டுப்பா, நான் இல்லேன்னு சொல்லல. தாராளமா எடு. ஆனா ஒண்ணு, கட்டம் காலியா இருக்கக் கூடாது."

"என் மேசைக்கு யாரையாவது எடுத்துக் குடுங்க சார்."

"புதுசா ஆள் எடுக்க மேல ஒத்துக்க மாட்டாங்க. கட்டம் போடுறது உன் வேலை. நீயே பாத்துக்க."

இதைச் சொல்லத்தான் ஒரு குளிர்சாதன அறையும் சுழல் நாற்காலியும் இந்த மனுஷனுக்கு!

கணினியும் மேலாளருக்குப் பிறந்த பிள்ளை மாதிரிதான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பாகிவிடும். அட்டவணையைச் சேமிக்கவே விடாது. இதற்குக் கட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தில்லுமுல்லு உண்டு. யாராவது திடீரென்று வராமல் போனால் அந்தக் கட்டத்தில் 'பதிலாள்' என்று அடித்துவிடுவார்கள். அப்படி ஒரு ஆள் கிடையாது. ஆனால் கணினிக்கு அதெல்லாம் தெரியுமா? பச்சையாகிவிடும். அன்றைய வேலையை ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துப்போட்டுச் செய்து முடிப்பார்கள். அரை நாளுக்கும் ஒரு நாளுக்கும்தான் அந்தத் தில்லுமுல்லு. கட்டக்காரர் தன் லீவு முழுவதற்கும் வரிசையாகப் பதிலாள், பதிலாள் என்று அடித்தார். மேசையில் விரிப்பு மலையாகக் குவியும், இரண்டாம் நாளே கூப்பிடுவார்கள் என்று தெரியும். கூப்பிட்டால் போவதில்லை, வேலை போனாலும் சரி என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

யாரும் கூப்பிடவில்லை.

பெண் குழந்தை. மூக்கும் முழியுமாக, பிறந்த உடனே ஊரைக் கூட்டுகிற அழுகையோடு வந்தாள். மனைவி நசுக்கிய நசுக்கில் அவர் விரல்கள் வீங்கிப்போயின. வலியில் அவளும் அழுதாள், சந்தோஷத்தில் இவரும் அழுதார். அழுவதற்கு எதுவும் இல்லாத நர்ஸ், "ரெண்டு பேரும் கொஞ்சம் ஓரமா அழறீங்களா, நான் கொழந்தையைப் பாக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அவருக்கு மேசை ஞாபகம் வந்தது. ரோலரில் வேலை செய்யும் அக்காவுக்குப் போன் போட்டார். லாண்டரியில் அவரைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்.

"என்னக்கா, என் மேசை எப்படி இருக்கு? எல்லாரும் என்னைத் திட்டித் தீக்குறீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? அதான் பதிலாளு வராரே."

அவர் சிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்கக்கா. யாரைப் போட்டிருக்காங்க?"

"நீங்கதானே தம்பி போட்டீங்க?"

அவருக்குச் சிரிப்பு நின்றது. ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்.

"தொப்பியும் மாஸ்க்குமா இருக்குறப்போ எப்படின்னு சொல்றது? உங்க உயரம்தான். வாயே தெறக்க மாட்டாரு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே மேசையில நிப்பாரு, நாங்க கெளம்பும்போதும் நின்னுட்டிருப்பாரு. சாப்பிட்டு நான் பாத்ததில்ல." அக்கா கொஞ்சம் தயங்கினாள். "முடிச்சுகூட உங்க முடிச்சுதான் தம்பி. எதிர்ப்பக்கம் திரும்பி இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்தீங்களோன்னு நெனச்சேன்."

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். "வேலை நடக்குதுல்ல? அப்புறம் என்ன உனக்கு? லீவை அனுபவி" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு மனைவியோடு வரும் வழியில் ஆட்டோவை லாண்டரி வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். சுத்தப் பக்கத்தை வெளியிலிருந்து பார்க்கச் சுவரில் ஒரு கண்ணாடி உண்டு. குழந்தையும் கையுமாக இறங்கி, நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தார். நல்ல பகல் வெளிச்சம். கடைசி மேசையில் யாரோ ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். துணிக்குப் பின்னால் நிழல் மட்டும் தெரிந்தது. இரண்டு கை, ஒரு தலை, இவர் நிற்கிற மாதிரியே இடது தோள் கொஞ்சம் ஏறிய நிற்பு. விரிப்பு மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

அவர் திரும்பி விறுவிறுவென்று நடந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். குழந்தை வெயிலில் அழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிஜம் அதுவல்ல. அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போய் ஒருத்தரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் லீவு போய்விடும். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"யாரையாவது பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"யாரும் இல்ல" என்றார்.

லீவு முடிவதற்கு முந்தின நாள் மனைவிக்கு முகமே சரியில்லை.

"நீங்க கெளம்பிட்டா நான் தனியா என்னங்க பண்ணுவேன்? குளிக்கப் போறதா, இவளைப் பாக்குறதா?"

"கவலைப்படாதே. எல்லாத்துக்கும் கட்டம் போட்டுட்டாப் போச்சு" என்று மடிக்கணினியைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, துணி துவைப்பது என்று லாண்டரி அட்டவணையிலேயே ஒரு புதுப் பக்கம் திறந்து வீட்டு வேலைகளை இறக்கினார்.

"இது வீடா, லாண்டரியா?" என்று அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் அவருக்கும் தெம்பு வந்தது. அவள் கட்டங்களில் அவள், அவர் கட்டங்களில் அவர். அவர் வேலைக்குப் போகிற நேரத்துக் கட்டங்கள் மட்டும் சிவப்பாகவே நின்றன. அந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் அப்பா இல்லை. கணினி சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. அவர் ஒரு காலைத் தரையில் வைத்து எழுந்துகொண்டே, இத்தனை வருஷப் பழக்கத்தில், அந்தக் கட்டங்களில் 'பதிலாள்' என்று அடித்துவிட்டுப் போனார். எல்லாம் பச்சையானது.

மறுநாள் அவர் மேசை அவருக்காகக் காத்திருந்தது. சுத்தமாகத் துடைத்து, காலியாக. அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மதியம் வரைக்கும் விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தார், முடிச்சுப் போட்டார், பழைய ஆளாகிவிட்டார். சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா பக்கத்தில் வந்து, பாப்பாவைப் பற்றி விசாரித்தாள்.

"பதிலாளு நேத்தோட நின்னுட்டாரு தம்பி. போகும்போது முதல் தடவையா வாயைத் தெறந்தாரு. கொரல் உங்க கொரல் மாதிரியே இருந்துச்சு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"என்ன சொன்னாரு?"

"நாளைலேருந்து வேற எடத்துல கட்டம் போட்டிருக்காங்கன்னாரு. எங்கன்னு கேட்டேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு, மாஸ்க்குக்குள்ள என்ன தெரியுது?"

அவருக்கு மடிக்கணினி ஞாபகம் வந்தது. அந்தப் பச்சைக் கட்டங்கள் ஞாபகம் வந்தன. கையில் இருந்த விரிப்பைப் போட்டது போட்டபடி லாக்கர் அறைக்கு ஓடினார். லாக்கரைத் திறந்து போனை எடுத்தார். மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

மனைவி எடுத்தாள். குழந்தை தூங்கும்போது பேசுகிற அடங்கிய குரல்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான்மா! கதவைப் பூட்டிக்கிட்டியா? பாப்பா எங்க? அவளைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போ, உடனே போ!"

"நான்தான்னா யாருங்க? எதுவும் சரியா கேக்கல. அவரு போன் உங்ககிட்டயா இருக்கு? லாக்கர்லயே விட்டுட்டேன்னு இப்பதான் சொல்லிட்டிருந்தாரு."

"யாரு... யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரருதான். போன கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்துட்டாரு. அங்க வேலைக்கு ஆள் இருக்கு, இனிமே நான் வீட்டுலயேதான்னு சொன்னாரு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. பாப்பா அவரு தோள்லதான் தூங்குறா, எறக்கிவிட்டா அழறா." அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி, கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத நிம்மதி. "ஆங், இருங்க, இருங்க. அவரு எடத்துல வேலை பாக்குற பதிலாளு நீங்கதானா?"

அவர் மாஸ்க்கை அவசரமாகக் கீழே இழுத்தார்.

"உங்க புண்ணியத்துலதாங்க இந்தத் தடவை அவரு என் கையைப் பிடிச்சிட்டு இருந்தாரு" என்றாள் அவர் மனைவி. "ரொம்ப நன்றிங்க. நல்லா இருங்க."