பிந்தியவளுக்குப் பேணி

தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "எங்கடை பாக்கியத்தை நேற்றுப் பின்னேரம் குளத்துக்கட்டிலை பாம்பு கடிச்சுப் போட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலை முடிஞ்சுதாம்" என்றார். பிறகு ரீச்சரைப் பார்த்து, "பாடத்தை நடத்துங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். கரும்பலகையில் பாதி எழுதிய வசனம் ஒன்று இருந்தது. ரீச்சர் அதை முடித்தார். நாங்களும் கொப்பியில் எழுதினோம்.

எங்கள் பாடசாலைச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர் பாக்கியம் அக்காவுடன் ஓடியவர்கள். அவர் அன்பானவர், பண்பானவர் என்று அஞ்சலிக் கூட்டத்தில் பேசினார்கள். அவர் அன்பானவர் அல்லர். அவருடைய வாய்க்குப் பயந்து ஓடியவர்களுக்கு அது தெரியும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எல்லாம் இழந்து மலையகத்திலிருந்து அக்கராயனுக்கு வந்த குடும்பம் அவருடையது. எங்கள் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்து நீரில் வயல் செய்பவை. அவர்கள் அந்த வயல்களில் களை பிடுங்கினார்கள். பாடசாலை ஒன்றுதான், ஆனால் உட்காரும் வாங்குகள் வேறு. படிப்பு இடையில் நின்றுபோனதால் பாக்கியம் அக்கா தன் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவராக இருந்தார். விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில், வட்டாரப் போட்டிக்கு ஒரு வலைப்பந்து அணி சேர்க்கிறேன் என்று அதிபரிடம் போய் நின்றவர் அவர்தான். "ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களும் ஒரே பஸ்ல ஏறிப் போறத நான் பாக்கணும்" என்பார். அதைவிட வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் யாரும் ஓட வரவில்லை. வெயிலில் கறுத்தால் யார் கட்டுவான் என்றார்கள் எங்கள் தாய்மார். வயலில் முறிந்தது போதாதா என்றார்கள் அந்தப் பக்கத்துத் தகப்பன்மார். பாக்கியம் அக்கா எங்கள் வேலிகளுக்கு வெளியே நின்று, "பரவாயில்லம்மா, ஒங்க புள்ளைங்களுக்கு மூச்சு வாங்குமாம், போட்டிக் கப்ப நாங்களே ஜெயிச்சிக்கிறோம்" என்றார். தம் பக்கத்துத் தகப்பன்மாரிடம் போய், "ஒங்க புள்ளைங்களுக்குக் களை புடுங்க மட்டுந்தான் தெரியுமாம், வயக்காரவுங்க சொல்றாங்க" என்றார். இரண்டும் அவர் கட்டிய பொய்கள். அடுத்த நாளே மைதானம் நிறைந்துவிட்டது. நான் ஆச்சரியப்பட்டு எப்படி என்று கேட்டேன். "ஆச காட்டுனா ரெண்டு நாளு ஓடுவாளுக. ரோசம் வந்தாத்தான் தெனம் ஓடுவாளுக" என்றார்.

ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கத்தி வைத்திருந்தார். நன்றாகக் கூடை போடும் சுகந்தியை, "நெல்லு மூட்டைய உருட்டி விட்டாலும் ஒனக்கு முன்னாடி போயிரும்டி" என்று அழ வைத்தார். தம் பக்கத்து மலரை, "ஒங்கப்பன் மலையேறி எறங்குனவன். ஒனக்குச் சமதரையில நொண்டுதா?" என்றார். நான் எப்போதும் புத்தகத்தோடு இருப்பவள். "ஓடறது எப்படின்னு எந்தப் பக்கத்துல இருக்கு? படிச்சிட்டு வந்து சொல்லு, நாங்க அதுக்குள்ள மூணு சுத்து வந்திர்றோம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆத்திரத்தில் ஓடுவேன். அப்போதும் கடைசியாகத்தான் வருவேன்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடிப்போம். வீட்டுக்கார அம்மாவின் பெயரை எழுத வேண்டாம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவர் ஒரு பித்தளைச் செம்பு தந்திருந்தார். மலையகப் பிள்ளைகளுக்கு வேலிக் கதியாலில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணி தொங்கும். அவர்கள் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது. எங்களில் ஒருத்தி அள்ளி, பேணியில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். அப்படித்தான் வழக்கம். ஒருநாள் பாக்கியம் அக்கா ஒரு விதி சொன்னார்: "முந்துனவளுக்குச் செம்பு. பிந்துனவளுக்குப் பேணி. எந்த வீட்டுப் புள்ளன்னு பாக்கிறதில்ல."

"நாங்க தெனம் குடிக்கிறதுதானேக்கா, அது என்ன தண்டன?" என்று மலர் கேட்டாள்.

"அத அவளுகளும் தெரிஞ்சிக்கட்டும்."

அன்று நாங்கள் ஓடிய ஓட்டத்தை ஓடியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் செம்புக்காக ஓடினார்கள். நாங்கள் பேணிக்குப் பயந்து ஓடினோம். பேணி எனக்குத்தான் வந்தது. விளிம்பில் துரு இருந்தது. உதட்டில் கீறியது. தண்ணீர் அதே தண்ணீர். மலர் செம்பை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் கழுத்தால் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

குசினி யன்னலால் அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா வெளியே வந்தார். "ஆருடைய செம்பிலை ஆர் குடிக்கிறது? தோட்டக்காட்டுச் சனத்துக்கு இவ்வளவு திமிரோ?" என்று கேட்டார். எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?" என்றார். துலாவிலிருந்து வாளியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். செம்பை அவர் எடுக்கவில்லை. அதை மண்ணில் உதைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் இல்லாவிட்டால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் பஸ் இல்லை. ஆகவே பாக்கியம் அக்கா பேணியோடும் ஒரு குடத்தோடும் பின்னேரங்களில் குளத்துக்குப் போகத் தொடங்கினார். அப்படி ஒரு பின்னேரம் குளத்துக்கட்டுப் புல்லுக்குள் புடையன் பாம்பு கடித்தது. கடிபட்டவர் ஓடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் எல்லோரையும் ஓட வைத்தவர் குளத்துக்கட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்க, கூடப் போன மலர் ஓடினாள். "ஓடுடி! கெழவி மாதிரி நடக்காத!" என்று பின்னாலிருந்து கத்தினாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு மெசின் இருந்தது அந்தக் கிணற்று வீட்டில்தான். கொடுத்தார்கள். மெசினின் இழுவைப் பெட்டியில் சாக்கு விரித்த பிறகுதான் அவரை ஏற்றினார்கள்.

செத்தவீட்டுக்கு அணிப் பிள்ளைகள் எல்லோரும் போனோம். அந்தக் கிணற்று வீட்டு அம்மாவும் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. வாய்தான் கூடிப்போச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாக்கியம் அக்காவின் தாய் எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்று சோடாப் போத்தல்கள் வாங்கி வைத்திருந்தார். தங்கள் வீட்டுத் தண்ணீரை நாங்கள் தொடமாட்டோம், மூடியோடு வரும் போத்தலென்றால் குடிப்போம் என்று அவருக்குத் தெரியும். மகள் கூடத்தில் கிடக்கும்போதும் அதை மறக்கவில்லை.

நான், "எனக்குச் சோடா வேண்டாம் அம்மா. உங்கடை தண்ணி தாங்கோ" என்றேன்.

அவர் கதிரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வேணாம் புள்ள. சோடாவே குடி" என்றார். "இன்னொரு சண்டைக்குக் குடுக்க எங்ககிட்ட ஆளு இல்ல."

போத்தலை வாங்கிக் குடித்தேன். மிகவும் இனிப்பாக இருந்தது.

செத்தவீட்டுக்கு மறுநாள் வாளி மறுபடியும் துலாவில் தொங்கியது. வட்டாரப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து பஸ் போகவில்லை. எங்கள் தாய்மார் எங்களை மறித்துவிட்டார்கள். மலர் களை பிடுங்கப் போகிறாள். மைதானத்தில் புல் ஏறிவிட்டது.

குளத்துக்கட்டில் குடம் உடைந்து கிடந்த இடத்திலிருந்து அந்தப் பேணியை நான் எடுத்து வந்தேன். வீட்டுக்குள் கொண்டுவர அம்மா விடவில்லை. அது வீட்டுக்குப் பின்னால் கோடிப்புற வேலியில் தொங்குகிறது. பின்னேரங்களில் நான் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். என்னை ஏசிப் பேச யாரும் இல்லாததால் மெதுவாகத்தான் ஓட முடிகிறது. தனியாக ஓடுகிறவள்தான் முந்துகிறவளும் பிந்துகிறவளும். விதிப்படி எனக்குச் செம்பும் உண்டு, பேணியும் உண்டு. வீட்டுக்கு வந்து பேணியில் குடிக்கிறேன்.