சிகரம் சாரின் பிளாஸ்க்

என் அக்காவின் கணவரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் விளையாட்டு ஆசிரியர். நான் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அதே பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஆகவே வீட்டிலும் வெளியிலும் அவருடைய உதாரிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சிகரம் சார். வருடா வருடம் அவர்களை மலைக்கு நடத்திக் கூட்டிப்போய், கூடாரம் போட்டுத் தங்கவைத்து அழைத்து வருவதால் கிடைத்த பட்டம். அது கேலி என்று அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. தன் தோள்பையில் பெரிய எழுத்தில் அதை எழுதியே வைத்துக்கொண்டார்.

சிகரம் சார் எந்தச் சிகரத்தையும் தொட்டதில்லை. இளவயதில் மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர், பாதி வழியில் வயிற்றைக் கலக்கி, பொதி சுமக்கும் கழுதையின் மேல் கிடத்திக் கீழே அனுப்பப்பட்டார். கல்யாணமான புதிதில் அக்காவே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இப்போது சொல்வதில்லை. நாளடைவில் அந்தக் கழுதை கதையிலிருந்து நைசாக இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு பனிப்புயல் ஏறிக்கொண்டது.

வீட்டில் சாப்பாட்டுக்கு விசில் அடிக்கிற மனுஷர் அவர். பள்ளியில் புதுப் பந்துகளையெல்லாம் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, தையல் பிரிந்த பந்தைப் பிள்ளைகளிடம் உருட்டிவிடுவார். குளிர்ந்த தண்ணீர் நுரையீரலுக்கு ஆகாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதனால் மலைக்கு வெந்நீர் பிளாஸ்க் கட்டாயம் வரும். ஆனால் அவர் சுமக்க மாட்டார், போட்டோவில் எடுப்பாக இருக்காதாம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பாள்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு ஜோடி முறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. ஜோடியை விட்டு நகரக் கூடாது. முகாமுக்கு வந்ததும், “ஜோடி இல்லாதவங்க கை தூக்குங்க!” என்பார். கை எழவில்லை என்றால் எல்லோரும் வந்தாயிற்று. அதற்கு அடையாளமாக மூன்று விசில்.

“ஒரு தடவை தலைய எண்ணிட்டா என்ன அத்தான்?” என்று நான் கேட்டதுண்டு.

“எண்ணுறது ஆடு மேய்க்கிறவன் வேலை மாப்ள. நான் தலைவர்களை உருவாக்குறேன்.”

போன வருடப் பயணத்தில் நான் சாமான்களோடு வேனில் சாலை வழியாக முகாமுக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் காட்டுப்பாதையில் நடந்து வந்தார்கள். தலைவர் என்பதால் முன்னால்தான் நடப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது வீரத்துக்குக் குறைவு போலும். பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். வழக்கமான கேள்வி கேட்டது. ஒரு கையும் எழவில்லை. மூன்று விசில். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மடக்கு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

சற்றுப் பொறுத்து ஒரு சத்தம்.

“என் பிளாஸ்க் எங்க? இங்க ஒருத்தருக்கும் பொறுப்பே கிடையாதா?”

“அது உங்க பொண்ணுகிட்டதானே இருக்கும் அத்தான்,” என்றேன்.

“அப்போ அவளக் கூப்பிடு!”

கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவள் இல்லை. அவளுடைய ஜோடியும் இல்லை. ஜோடியாகக் காணாமல் போனால் கை தூக்க யார் இருக்கிறார்கள்? இத்தனை வருடம் இந்தப் பெரிய மூளைக்கு அது எட்டவே இல்லை.

வேன் டிரைவரும் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி ஓடினோம். சிகரம் சார் வரவில்லை. தலைவன் முகாமை விட்டு நகரக் கூடாதாம். அங்கேயே நின்று விசில் ஊதினார்.

கீழே, பாதை வளையும் இடத்தில், ஒரு பாறையடியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தோழிக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. என் அக்கா மகள் அவளுக்குப் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

“நீ ஓடி வந்து சொல்லியிருக்கலாமேடா கண்ணு.”

“ஜோடிய விட்டுட்டு வரக் கூடாதுல்ல மாமா. கத்திக் கூப்பிட்டேன், யாரும் திரும்பல. அப்புறம் மூணு விசில் கேட்டுச்சு.” தோழியிடமிருந்து மூடியை வாங்கிப் பிளாஸ்க்கில் திருகினாள். “சரி, இனிமே யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சோம்.”

அவளைத் தூக்கிக்கொள்ளும் வயதில்லை, இருந்தாலும் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் தோழியை முதுகில் சுமந்தார். முகாமில் சிகரம் சார் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் பார்க்கும்படி, வெகுநேரம். திங்கட்கிழமை பள்ளிக் கூட்டத்தில், காட்டில் தவித்த இரு மாணவியரை உடனே மீட்ட ஆசிரியர் என்று தலைமையாசிரியை அவருக்குக் கேடயம் கொடுத்தார். மனுஷர் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். அது இப்போது ஷோகேஸில் இருக்கிறது.

அன்று சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள். “அப்பா, நான் இல்லன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?”

“பெத்தவன் மனசும்மா. முகாமுக்கு வந்து சேர்ந்த உடனேயே என்னமோ உறுத்துச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். அக்கா, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

“பிளாஸ்க்கத் தேடினாரு. அப்போதான் தெரிஞ்சுது,” என்றேன்.

அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தாள். அவர் மட்டும் என்மேல் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் முறையை மாற்றிவிட்டார். ஜோடி கிடையாது, மூன்று பேர் கொண்ட குழு. மூன்று பேர் சேர்ந்து தொலைய மாட்டார்கள் என்பது புதுக் கண்டுபிடிப்பு. மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் புறப்படும் காலையில் வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க்கோடு பஸ் வரைக்கும் வந்தாள்.

“யாராவது ஒரு பொண்ணுகிட்ட குடுத்து வைங்கப்பா,” என்றாள். “அவளயாவது தேடுவீங்க.”

சிகரம் சார் கடகடவென்று சிரித்தார். பிறகு பிளாஸ்க்கை வாங்கி, முன் சீட்டில் இருந்த ஒரு சின்னப் பெண்ணின் தோளில் மாட்டிவிட்டார்.